பதினாலாம் நம்பர் பிளேட்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரம். முகப்பேரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் ஒன் விண்ணப்பம் வாங்கிக்கொண்டு நானும் அம்மாவும் ஷேர் ஆட்டோவில் திருமுல்லைவாயிலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். அம்பத்தூர் தொழில் எஸ்டேட் ரோட்டுப் பள்ளம் ஒன்றில் ஆட்டோ விழுந்து எழுந்தது. அடியில் ஏதோ ஒடிந்து, ரோட்டை உரசிக்கொண்டே வந்தது. டிரைவர் எல்லோரையும் இறக்கிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு கிரில் பட்டறை முன்னால் நிறுத்தினார். சைலன்சரைத் தாங்கும் பட்டை இரண்டாகப் போயிருந்தது.

பட்டறைக்காரர் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போனார். கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அம்மா முந்தானையால் என் முகத்தைப் பொத்தினாள். புடவையையும் தாண்டி வெளிச்சம் வந்தது, நீலமும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல். எண்ணெய் தீய்ந்த வாசனை, வறுபடுகிற சத்தம். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. சுத்தியால் தட்டினார், கறுப்பாக ஒரு பொருக்கு உதிர்ந்து, உள்ளே பளபளவென்று தழும்பு மாதிரி ஒரு கோடு.

"ஒட்டிக்கிச்சாப்பா?" என்று அம்மா கேட்டாள்.

"ஒட்டுறதுக்கு இது இன்னா கோந்தாம்மா? ரெண்டும் உருகி ஒண்ணாயிட்சி. இனிமே ஒடிஞ்சா பக்கத்துல ஒடியும், இங்க ஒடியாது."

அந்த விண்ணப்பத்தை நான் நிரப்பவே இல்லை.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் நீங்கள்தான். நம் ஐ.டி.ஐ. வெல்டர் பேட்ச் வாட்ஸ்அப் குரூப்பில் போன வாரம் செய்தி வந்தது. இன்ஸ்ட்ரக்டர் ரிட்டயர் ஆகிறார், சிறப்பு மலர் போடுகிறோம், ஆளுக்கு ஒரு பக்கம் நினைவுக் குறிப்பு, நல்லதாக எழுதுங்கள் என்று கும்பிடு போடும் கைகளோடு. எனக்கு இருபத்தொரு வயது. நினைவு எழுதுகிற வயது இல்லைதான். ஆனால் ஐந்து வருடம் தள்ளிப்போட்டதில் என் கோபம் ஒரு துளியும் குறையவில்லை. இன்னும் தள்ளிப்போட்டால் ஒருவேளை குறைந்துவிடும். அது எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டில் நடந்த சண்டையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நல்ல மார்க் வாங்கிய பெண் போய் வெல்டிங் படிப்பதா என்று தெருவே கேட்டது. பெண் என்பதற்காகத் தடுக்க வந்தவர்கள் நிறையப் பேர். ஆனால் அப்பா அந்தக் காரணத்தைத் தொடவில்லை. அவரிடம் வேறு காரணம் இருந்தது. என் பீச்சாங்கை.

நான் இடது கைக்காரி. எழுதுவது, எறிவது, சண்டையில் அறைவது எல்லாம் இடது. சாப்பாட்டை மட்டும் அடித்து வலதுக்கு மாற்றினார்கள். எஸ்டேட்டில் தகடு வெட்டும் பிரஸ் ஆபரேட்டராக இருந்த அப்பாவுக்கு எந்த மிஷினைப் பார்த்தாலும் அதன் பட்டன் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் முதலில் தெரியும். அவருடைய அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்குக் குனிந்தவர். எங்கள் வீட்டில் மிஷினுக்கு முன்னால் நிமிர்ந்து நின்ற முதல் ஆள் இவர். அதனால் மிஷின் சொன்னால் சொன்னதுதான்.

"மிஷினு உனக்கோசரம் திரும்பி நிக்காதும்மா. நீ தான் திரும்பிக்கணும்."

ஐ.டி.ஐ. விண்ணப்பத்தில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டேன்.

நம் ஷாப் நினைவிருக்கிறதா? ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவே தண்டவாளத்தை ஒட்டி, ரயில் போகும்போதெல்லாம் தகரக் கூரை கூடவே நடுங்கும். பத்து பூத். ஒவ்வொன்றிலும் மிஷின் வலப்பக்கம், மேஜை இடச்சுவரோடு போல்ட் போட்டு இறுக்கியது. உருக்கும் ராடைக் கவ்வுகிற ஹோல்டரின் கேபிள் வலது தோள் மேலாக வந்தால் ஒழுங்காக வரும். நான் இடது கையில் பிடித்தால் அது என் மார்பைச் சுற்றி வந்து, ராடு நுனியைப் பின்னால் இழுக்கும். முதல் வாரம் நான் போட்ட கோடுகளைப் பார்த்து நீங்கள் சிரித்தீர்கள். பல்லி ஓடின மாதிரி இருக்கிறது என்று சொன்னது யார் என்று எனக்குத் தெரியும். பரவாயில்லை, பல்லி மாதிரிதான் இருந்தது.

இன்ஸ்ட்ரக்டர் என் மேஜையைத் திருப்பிப் போட்டிருக்கலாம். நான்கு போல்ட். ஒரு ஸ்பேனர். அரை மணி நேர வேலை. கேட்டேன். ஒரு ஆளுக்காக அரசாங்கமே திரும்புமா என்று சிரித்தார். மறுநாள் ஸ்டோரிலிருந்து தலையில் மாட்டும் முகக்கவச ஷீல்டைக் கொண்டுவந்து எனக்குக் கொடுத்தார். ஷாப்பிலேயே அது ஒன்றுதான். நீங்கள் எல்லோரும் கையில் பிடிக்கும் ஷீல்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தீர்கள். உங்களுக்குப் பொறாமை. எனக்கு அது எதற்கென்று அடுத்த நிமிடம் தெரிந்தது. ஷீல்டைப் பிடிக்கும் வேலை இல்லாமல் போனதால் இடது கைக்கு வேலையே இல்லை. அந்தக் கையின் தோல் கிளவுஸைப் பைண்டிங் ஒயரால் என் ஏப்ரன் வாரோடு சேர்த்துக் கட்டிவிட்டார்.

"ஒரு வாரம் இப்டியே போடு. கை தானா திருந்தும்."

ஒரு வாரம் இல்லை, மூன்று வாரம். காலையில் கட்டுவார், டீ டைமுக்கு அவிழ்ப்பார், திரும்பக் கட்டுவார். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் இதில் மோசமான விஷயம். ஒயர் குத்தாமல் இருக்க உள்ளே பனியன் துணி வைத்துத்தான் கட்டினார். அவருக்கு அது வைத்தியம். உங்களுக்கு அது தமாஷ். எனக்குத் தூக்கத்தில்கூட இடது கை இடுப்பை விட்டு நகரவில்லை.

அந்த நாட்களில் ஒருமுறை ஷீல்டைத் தலையாட்டி இறக்குவதற்குள் ராடு பற்றிக்கொண்டது. சாயங்காலம் கண்ணில் மணலைக் கொட்டின மாதிரி ஆகிவிட்டது. அம்மா உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி இமை மேல் வைத்தாள். கிழங்கின் குளிர்ச்சி, அதன் மண் வாசனை, கன்னத்தில் வழிந்த மாவுத் தண்ணீர். அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, விட்டுடலாமே என்றார். சாப்பிடு என்பது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். விடமாட்டேன் என்று கிழங்குக்கு அடியிலிருந்து சொன்னேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் கை திரும்பக் கிடைக்கும். இன்ஸ்ட்ரக்டர் ஆபீஸ் ரூமுக்கு டிபன் பாக்ஸோடு போன நிமிடம் நான் பூத்துக்குள் போவேன். மூன்றாம் பூத்துக்காரன்தான் வாசலில் நின்று பார்த்துக்கொள்வான். நம் பேட்சில் அவன் கைக்குச் சமமாக யாரும் இல்லை என்பதை நீங்கள் மறுக்க மாட்டீர்கள். அவன் போட்ட கோட்டின் அலைகள் ஒன்று போல இன்னொன்று இருக்கும், விரல் நகத்தடிப் பிறைகளை வரிசையாக அடுக்கினாற்போல. எல்லோரும் தூக்கிப்போட்ட துண்டு ராடுகளைப் பொறுக்கி எனக்கு வைத்திருப்பான். கேபிளை இடது முழங்கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டால் இழுக்காது என்று கண்டுபிடித்தது நான். அதைப் பார்த்து, "யம்மா, நீ ஒண்ணும் வெல்டரு இல்ல, பாம்பாட்டி" என்று சொன்னது அவன்.

அந்த மதியங்களில்தான் ஒன்றைக் கவனித்தேன். வலது கைக்காரர்கள் இடமிருந்து வலமாகப் போவார்கள். நான் வலமிருந்து இடமாகப் போவேன். உருகிய இரும்பு உறையும்போது அலைகள் எந்தப் பக்கம் முதுகு காட்டுகின்றனவோ அந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். முடித்த இடத்தில் சின்னதாக ஒரு குழி விழும். என் குழி இடது ஓரத்தில் இருக்கும், உங்களுடையது வலது ஓரத்தில். கையெழுத்தைக்கூட மாற்றிப் போடலாம். இதை மாற்ற முடியாது.

பயிற்சி முடிகிற நேரத்தில் எஸ்டேட்டில் பெரிய ஃபேப்ரிகேஷன் கம்பெனி ஒன்று அப்ரண்டிஸ் எடுக்க வந்தது. நம்மில் எட்டுப் பேர் ஆளுக்கு ஒரு பிளேட் வெல்டு செய்து, மேல் இடது மூலையில் தன் நம்பரைப் பஞ்ச் அடித்துக் கொடுக்க வேண்டும். கம்பெனியில் அதிலிருந்து பட்டை வெட்டி, வளைப்பார்கள். வளைவில் வெல்டு வாய் விரியாவிட்டால் உள்ளே. விரிந்தால் வெளியே. பரீட்சையே அவ்வளவுதான், அதனால்தான் எனக்கு அது அவ்வளவு பிடித்தது. அதில் யாரும் யாருக்காகவும் சிபாரிசு செய்ய முடியாது என்று நினைத்தேன்.

என் ரோல் நம்பர் பதினாலு. இடது கையால் போட்டேன். இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் இல்லை. கேபிளை முழங்கையில் சுற்றிக்கொண்டு, மூச்சை விட்டு விட்டு, வலது ஓரத்திலிருந்து நம்பர் பக்கமாக வந்தேன். பொருக்கு ஒரே தட்டில் முழு நீளத்துக்கும் கழன்று வந்தது. நம் தொழிலில் அதைவிட நல்ல சத்தம் கிடையாது. பதினாலைப் பஞ்ச் அடித்து மேஜையில் வைத்தேன். அதற்குப் பிறகு அந்தப் பிளேட்டை நான் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்து கம்பெனிக்குக் கூப்பிட்டார்கள். எட்டுப் பேரும் தேறியாகிவிட்டது, பெற்றோரோடு வரவும் என்று. அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். மூன்றாம் பூத்துக்காரனின் அம்மா ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கிறவர், அந்த நீல யூனிபாரத்தோடே நேராக வந்துவிட்டார். வளைத்த பிளேட்டுகள் எங்கேயும் திரும்பி வராது. அங்கேயே ஸ்கிராப்பில் போட்டுவிடுவார்கள். இன்ஸ்ட்ரக்டரும் அப்படித்தான் நம்பியிருக்க வேண்டும். ஆனால் குவாலிட்டி மேடம் எங்களுக்குக் காட்டுவதற்காக எட்டையும் மேஜையில் வரிசையாக வைத்திருந்தார். வளைத்த பட்டையும், நம்பரோடு மிச்சமிருந்த ஓரத் துண்டும்.

பதினாலு யார் என்று கேட்டார். அடி வரைக்கும் உருகி ரூட் நன்றாக இருக்கிறது என்று சொல்லி, அந்த ஓரத் துண்டை என் கையில் கொடுத்தார். அப்பா முகத்தில் நான் பார்த்தே இராத ஒரு சிரிப்பு.

நம்பர் பக்கத்தில் குழி இல்லை. அலைகள் நம்பருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிளம்பிப் போயிருந்தன. ஒன்று போல இன்னொன்று, நகப்பிறை மாதிரி.

"மேடம், இது என்னுது இல்ல."

சின்னப் பெண், பயந்துவிட்டாள் என்று இன்ஸ்ட்ரக்டர் முந்திக்கொண்டார். எப்படிச் சொல்கிறாய் என்று மேடம் என்னைக் கேட்டார். சொன்னேன். அவர் மற்ற ஏழு துண்டுகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு இரண்டே இரண்டை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். என் நம்பர் போட்டது ஒன்று. மூன்றாம் பூத்துக்காரனுடையது ஒன்று, இரண்டிலும் ஒரே கை. விவரம் தெரிந்தவர். அதற்கு மேல் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, இன்ஸ்ட்ரக்டரைப் பார்த்தார்.

இந்த இடத்தில்தான் உங்களுக்கும் எனக்கும் நினைவு வேறுபடுகிறது. குரூப்பில் யாராவது இந்தப் பேச்சை எடுத்தால், சார் மேல் தப்பில்லை, பசங்கள் மாற்றிவிட்டார்கள் என்றுதான் எழுதுகிறீர்கள். நீங்களும் அந்த மேஜைக்கு முன்னால்தான் நின்றீர்கள். உங்கள் காதிலும் விழுந்தது. இன்ஸ்ட்ரக்டர் சொன்னது இதுதான்:

"பசங்க வெளயாட்டா மாத்திட்டானுங்க மேடம். இவன்தான்."

கையை நீட்டி மூன்றாம் பூத்துக்காரனைக் காட்டினார். அவன் அம்மா அவன் தோளில் ஒரு அடி அடித்தார், எல்லோர் முன்னாலும்.

அவன் தானாகச் செய்யமாட்டான் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். எட்டுப் பேரில் ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை. நானும்தான். முதல் வாக்கியத்துக்கு இருந்த தைரியம் இரண்டாவது வாக்கியத்துக்கு இல்லை.

மேடம் முடிவு சொன்னார். ஒன்று மாறியிருந்தால் எல்லாமே மாறியிருக்கலாம், அதனால் எட்டும் செல்லாது. அடுத்த வாரம் இங்கேயே, அவர் கண் முன்னால் திரும்பப் போட வேண்டும். அந்தப் பையன் மட்டும் வரத் தேவையில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகவே வந்தது. உங்களில் ஆறு பேர் கிடைத்த வேலையைக் கெடுத்தவள் என்று என்னோடு பேசுவதை நிறுத்தினீர்கள். வீட்டில் அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"நல்லது பண்ணப்போனா நடுரோட்டுல நிறுத்திட்டியேம்மா."

யார் பண்ணப்போனது என்று கேட்டேன். அம்மாதான் பிறகு சொன்னாள். பிளேட் கொடுத்த அன்றைக்கே இன்ஸ்ட்ரக்டர் போன் செய்திருக்கிறார். உங்கள் பெண் பீச்சாங்கையில் போட்டு வைத்திருக்கிறது, வேலைக்காவாது என்று. அப்பா போய்ப் பார்த்துக் கையைப் பிடித்துக் கெஞ்சியிருக்கிறார். எப்படியாவது. அந்த ஒரு சொல்தான். இன்ஸ்ட்ரக்டர் மூன்றாம் பூத்துக்காரனைக் கூப்பிட்டு இன்னொரு பிளேட் போடச் சொல்லி, பதினாலை அவரே பஞ்ச் அடித்திருக்கிறார்.

இரண்டு பெரிய மனிதர்கள், ஒருத்தர் பாசத்திலும் ஒருத்தர் இரக்கத்திலும், என் பிளேட்டை வளைத்துப் பார்க்காமலே தூக்கிப் போட்டார்கள். அது விரிந்திருக்குமா, விரிந்திருக்காதா? இன்று வரை எனக்குத் தெரியாது. தெரியாமல் போனதுதான் என்னால் தாங்க முடியாதது.

தேடினேன். ஐ.டி.ஐ. ஸ்கிராப் எல்லாம் ஆவடி காயிலாங்கடைக்குப் போய்விட்டது என்றார்கள். அங்கே போனேன். வெட்டுத் துண்டுகள் ஆள் உயரக் குவியல். பதினாலு நம்பர் போட்ட பிளேட் என்றேன். கடைக்காரர் விநோதமாகப் பார்த்தார்.

"நம்பரு, பேரு எல்லாம் வெளிய தாம்மா. இங்க வந்தா எல்லாம் எடை."

ஒரு மணி நேரம் கிளறினேன். உள்ளங்கை முழுக்கத் துரு. கிடைக்கவில்லை.

அடுத்த வாரம் கம்பெனியில் திரும்பப் போட்டோம். நீங்கள் ஆறு பேரும் தேறினீர்கள். நான் தேறவில்லை. அவசரம். கோபம் வேறு. முதல் ராடு முடிந்ததும் பொருக்கைச் சுத்தமாகத் தட்டாமல் அடுத்த ராடை வைத்துவிட்டேன். வளைத்தபோது சரியாக அந்த இடத்தில் வாய் திறந்தது. நான் அப்பவே சொன்னேனே என்றார் இன்ஸ்ட்ரக்டர். அதை இடது கை என்று எடுத்துக்கொண்டார். இடது கை இல்லை சார், அவசரம். இரண்டும் வேறு. அப்போது சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். விரிந்த அந்தப் பட்டையையும் நம்பர் போட்ட ஓரத் துண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். துண்டில் குழி என் பக்கம்தான் இருந்தது.

அதன் பிறகு டிப்ளமோ. இப்போது அம்பத்தூரில் ஒரு டிசைன் ஆபீஸில், எந்த இடத்தில் வெல்டு வர வேண்டும் என்று கம்ப்யூட்டரில் அம்புக்குறி போடுகிறேன். மற்றவர்கள் கைக்கு நான் அம்பு போடுவது. ஆறு மாதம் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. பூந்தமல்லியில் ஒரு தனியார் ஷாப்பில் ஞாயிற்றுக்கிழமைகளில் பைப் வெல்டிங் பழகுகிறேன். சாய்த்து மாட்டிய பைப், திருப்ப முடியாது, நாம்தான் சுற்றி வர வேண்டும். சுவர் ஓரப் பக்கத்தை வலது கையால் எட்டவே முடியாது. அங்கே பெரிய பெரிய வெல்டர்கள் இடது கையைப் பழக்க முடியாமல் திட்டிக்கொண்டே நிற்கிறார்கள். நான் சிரமமில்லாமல் போகிறேன். மறுபக்கத்துக்கு வலது கை. இதை வீட்டில் சொன்னபோது அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா, நான் பழக்குன சோத்தாங்கை."

தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

மூன்றாம் பூத்துக்காரன் நம் குரூப்பில் இல்லை. யாரும் சேர்க்கவில்லை, அவனும் கேட்கவில்லை. நசரத்பேட்டையில், ஹைவேயிலிருந்து உள்ளே தள்ளி ஒரு பட்டறையில் கேட், ஜன்னல் கிரில் அடிக்கிறான். இரண்டு முறை போய்ப் பார்த்தேன். ஒரு மாமரத்து இலையைத் தகட்டில் வெட்டி கேட்டில் ஒட்ட வைத்துக்கொண்டிருந்தான். அந்த அலைகள் அப்படியேதான் இருக்கின்றன. கிரைண்டரால் தேய்த்து, மேலே பெயின்ட் அடித்துவிடுகிறார்கள்.

கோபமே வரவில்லையா என்று கேட்டேன்.

"வந்து இன்னா பண்றது? நாளைக்கி கேட்டு டெலிவரி கீது."

அன்றைக்கு ஏன் வாயைத் திறக்கவில்லை என்றும் கேட்டேன். சார் உனக்கு நல்லதுதானே செய்யச் சொன்னார், அதை மேடம் எதிரில் எப்படி உடைப்பது என்றான். எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறான். இந்த ஊரில் எனக்கு நல்லது செய்யாத ஒரே ஒரு ஆள் கிடைத்தால் போதும்.

வரும் புதன்கிழமை பைப் டெஸ்ட். தேறினால் சான்றிதழ், எந்த ஃபேப்ரிகேஷன் கம்பெனி வாசலுக்கும் போகலாம். சோதிக்க வருகிறவர் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை பக்கத்திலேயே நிற்பார். எனக்கு ஒரு இடம் பதிவு செய்தேன். அவனுக்கும் ஒன்று பதிவு செய்தேன், அவனைக் கேட்காமல். படிவத்தைக் காட்டினேன்.

"ஃபெயிலாயிட்டா?"

"ஆகு. உன் நம்பர்ல ஆகு."

சிரித்தான். கையெழுத்துப் போடவில்லை. இலையை ஒட்டப் போய்விட்டான்.

இதை மலரில் போடுங்கள், அல்லது போடாதீர்கள். சாருக்குப் படித்துக் காட்டினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. வாழ்வளித்தவர் என்று அட்டையில் போடுவதற்கு முன்னால் எத்தனை பேருக்கு என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

நாளைக் காலை ஏழரைக்கு அவன் ஷட்டரைத் தூக்கும்போது படிவத்தோடு அங்கே நிற்கப்போகிறேன். நான் ஒருத்தி கேட்டால் சிரித்துச் சமாளித்துவிடுகிறான். அன்றைக்கு மேஜைக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்ற நாம் ஏழு பேரும் சேர்ந்து வந்து கேட்டால் அவனால் சமாளிக்க முடியாது. பூந்தமல்லி தாண்டியதும் நசரத்பேட்டை ஸ்டாப்பில் இறங்குங்கள். அங்கிருந்து நடந்து போகிற தூரம்தான்.